கப்பல் எஞ்சினியர் சங்கங்களின் கதை: தெலுக் இந்தானில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, சாப்பாட்டுக் கடையிலும் கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் கூட்டத்திலும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. கப்பலில் சேரலாமா என்று தொடங்கும் பேச்சு, நான் யூனியன்காரன் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் போய்விடும். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று பட்டது.

சுற்றிலும் செம்பனைத் தோட்டம். இங்கே உட்கார்ந்துகொண்டு கப்பல் எஞ்சினியர் சங்கத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் தெலுக் ஆன்சன். பேராக் ஆற்றில் நீராவிக் கப்பல் ஏறிவந்த துறைமுகம். நம் தாத்தா பாட்டிமார் பலர் மலாயாவுக்கு வந்ததே கப்பலில்தான். 1926இல் கட்டிய ரஜுலா கப்பலின் பெயர் இன்னும் பல வீடுகளில் அடிபடும். மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். கீழே எஞ்சின் ஓட்டியவன் கதையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் சொந்தக் காரணம் வேறு. அப்பா செம்பனை ஆலையில் பாய்லர்காரர். நீராவி எஞ்சின் ஓட்டுநருக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ் வைத்திருந்தார். வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒருநாள் பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியில் குழாய் அடைத்துக்கொண்டது. உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் நெருப்புப் போட முடியாது என்றார். உதவி மேலாளரான சின்னத் துரை சத்தம் போட்டார். "டிக்கெட் என் பேர்ல இருக்கு துரை. வெடிச்சா என்னைத்தான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆலை அரை நாள் நின்றது. அந்த அரை நாள் சம்பளத்தை அவருக்கு வெட்டினார்கள்.

கப்பல் எஞ்சினியர் சங்கங்களின் நூற்றைம்பது ஆண்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவன் அதைச் சொல்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு என்ன ஆகிறது?

மெரைன் எஞ்சினியர் என்றால் கப்பல் கட்டுபவரா?

இல்லை, ஓட்டுபவர். கேப்டன் மேலே திசையைப் பார்ப்பார். எஞ்சின், பாய்லர், ஜெனரேட்டர், பம்ப், குளிர்பதன அறை, கழிவறைக் குழாய் வரை கீழே எல்லாம் எஞ்சினியர் பொறுப்பு. தலைமை எஞ்சினியர், இரண்டாம், மூன்றாம், நான்காம் எஞ்சினியர் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் தேர்வு எழுதி அரசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதைத்தான் கப்பல்காரர்கள் 'டிக்கெட்' என்பார்கள்.

முதல் சங்கம் எங்கே, எப்படித் தொடங்கியது?

இன்றும் இயங்கும் பழைய சங்கங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.இ.பி.ஏ. தமிழில் சொன்னால் 'கப்பல் எஞ்சினியர் சகாயச் சங்கம்'. 1875இல் பஃபலோ, கிளீவ்லாந்து போன்ற பெரிய ஏரிக்கரை நகரங்களின் எஞ்சினியர்கள் சேர்ந்து அமைத்தது. கடலோரத்தில் தொடங்காமல் ஏரிக்கரையில் தொடங்கியது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அன்றைய அமெரிக்காவில் நீராவிக் கப்பல் போக்குவரத்து ஏரிகளிலும் ஆறுகளிலும்தான் மும்முரம்.

அந்தக் காலத்து நீராவிக் கப்பலின் பெரிய பயம் புயல் இல்லை, பாய்லர். வெடித்து வெடித்து ஆட்கள் செத்ததால்தான் அமெரிக்க அரசு 1852இல் ஒரு சட்டம் போட்டு, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கும் எஞ்சினியருக்கும் உரிமம் கட்டாயம் என்றது. வேடிக்கை என்னவென்றால், கேப்டனுக்கு அப்போது உரிமம் தேவைப்படவில்லை. அவரை அந்த வளையத்துக்குள் கொண்டுவந்தது 1871 சட்டம்.

சட்டம் வந்தும் வெடிப்பு நின்றுவிடவில்லை. 1865 ஏப்ரல் 27 அதிகாலையில் மிசிசிப்பி ஆற்றில் மெம்பிஸ் நகருக்குச் சற்று மேலே சுல்தானா என்ற கப்பல் வெடித்தது. 376 பேருக்கு அனுமதி பெற்ற கப்பலில் 2,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். பெரும்பாலும் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சில நாள் முன்புதான் விக்ஸ்பர்க்கில் ஒரு பாய்லர் கசிந்திருக்கிறது. பழுதுபார்க்க வந்தவர் வேலையை முறையாகச் செய்ய வேண்டும், கெட்ட தகடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார். அதற்கு நாள் பிடிக்கும், அதற்குள் அத்தனை பயணிகளும் வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே மேலே ஓர் ஒட்டுத் தகடு அடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

உரிமம் எஞ்சினியர் பெயரில் இருக்கிறது, முடிவு மட்டும் வேறொருவர் கையில். தனி ஆள் ஒருவன் முடியாது என்றால் அடுத்த துறையில் இறக்கிவிட்டு இன்னொருவனை ஏற்றிக்கொள்வார்கள். அந்த இன்னொருவனும் அதையே சொன்னால்தான் கப்பல் நிற்கும். எஞ்சினியர்கள் சங்கம் கூடியதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயரில் ஏன் 'சகாயம்'?

நம் தோட்டங்களில் மரண சகாய நிதி இருக்கிறதல்லவா? மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டுவோம், யாராவது தவறினால் காரியச் செலவுக்குக் கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சங்கங்கள் பலவற்றுக்கும் அதுதான் முதல் வேலை. நோயில் விழுந்தவனுக்குக் கொஞ்சம், இறந்தவனை அடக்கம் செய்யக் கொஞ்சம், விதவைக்குக் கொஞ்சம். சம்பளப் பேரம் அப்புறம்தான். பெயரில் அது மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பிரிட்டனில் என்ன நடந்தது?

அங்கே வரிசை தலைகீழ். கேப்டன், அவருக்கு அடுத்த அதிகாரியான மேட் ஆகியோருக்குச் சான்றிதழ் 1850 சட்டத்தில் வந்துவிட்டது. எஞ்சினியருக்கு 1862 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாய்மரக் காலத்துக் கேப்டன்கள் எஞ்சினியரைக் கரி பூசிய கொல்லனாகவே பார்த்தார்கள். அதனால் பிரிட்டிஷ் எஞ்சினியர்களின் சண்டையில் பாதி சம்பளத்துக்கு, மீதி மரியாதைக்கு. எந்த மேசையில் சாப்பிடுவது, எந்த அறையில் படுப்பது என்பதெல்லாம் பிரச்சினை.

முதல் உலகப் போரின்போது, 1917இல், தேசியக் கடல்தொழில் வாரியம் என்ற ஒன்று வந்தது. முதலாளிகளும் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே சம்பளத்தைப் பேசி முடிக்கும் இடம். அது 1990 வரை நீடித்தது. இடையில் சங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வந்தன. 1956இல் எஞ்சினியர் சங்கமும் மேல்தள அதிகாரிகள் இருந்த சங்கமும் ஒன்றாயின. 1985இல் கேப்டன்களும் ரேடியோ அதிகாரிகளும் வந்து சேர்ந்து நியூமாஸ்ட் ஆனது. 2006இல் அதற்கு நாட்டிலஸ் என்று பெயர் மாறியது. 2009இல் டச்சுச் சங்கத்தோடு சேர்ந்து நாட்டிலஸ் இன்டர்நேஷனல். இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே சங்கம் என்பது தொழிற்சங்க உலகில் அபூர்வம்.

டைட்டானிக் எஞ்சினியர்கள் யாருமே பிழைக்கவில்லையாமே?

உண்மை. தலைமை எஞ்சினியர் ஜோசப் பெல் முதல் எலெக்ட்ரீஷியன்கள் வரை அவர் பிரிவு அதிகாரிகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கடைசி நிமிடங்கள் வரை விளக்கு எரிந்ததும் பம்ப் ஓடியதும் அவர்களால்தான். 1914 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் திறந்தார்கள்.

நினைவுச்சின்னத்தை எல்லாரும் சொல்வார்கள், சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி கப்பல் மூழ்கினால் அந்த நிமிடத்தோடு சம்பளமும் நின்றுவிடும். பிழைத்தவனுக்கும் அப்படித்தான். பனிக்கடலில் படகில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் வேலையில்லாதவன். 1920இல்தான் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் எட்டாவது ஒப்பந்தம், கப்பல் மூழ்கி வேலை இழந்தவனுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. அதுவும் இரண்டு மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முதன்முதலில் இதைப் படித்தபோது அப்பாவின் அரை நாள் சம்பளம்தான் நினைவுக்கு வந்தது.

எஞ்சினியர் தோள்பட்டியில் உள்ள ஊதா நிறம் டைட்டானிக் நினைவாகத்தானே?

அழகான கதை, ஆனால் கணக்கு உதைக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் எஞ்சினியருக்கு ஊதா 1863இலேயே வந்துவிட்டது. டைட்டானிக் மூழ்கியது 1912இல்.

இவர்கள் வேலைநிறுத்தம் செய்ததுண்டா?

உண்டு, தோற்றதும் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் சரக்கு குறைந்து கப்பல்கள் சும்மா நின்றன. அமெரிக்காவில் 1921 மே மாதம் சம்பளத்தை வெட்டினார்கள். எஞ்சினியர்களும் மாலுமிகளும் இறங்கினார்கள். வேலையில்லாமல் துறைமுகத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்களைக் கம்பெனிகள் ஏற்றிக்கொண்டன. வேலைநிறுத்தம் கலைந்தது, சங்கத்தில் ஆள் குறைந்தது. சட்டம் கேட்பது டிக்கெட் உள்ள ஆளை. சங்கத்து ஆளா இல்லையா என்று அது கேட்பதில்லை. டிக்கெட் உள்ளவர்கள் ஏராளமாக இருக்கும் காலத்தில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு குறைந்துபோகும்.

1930களில் அமெரிக்காவில் தொழிற்சங்க அலை எழுந்தபோது எம்.இ.பி.ஏ. மறுபடி தலைதூக்கி, 1937இல் சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்தது. பிற்பாடு, ஆள்பிடிப்பதைவிட ஆளை உருவாக்குவது மேல் என்று முடிவு செய்து, 1966இல் சொந்தமாகவே எஞ்சினியர் பள்ளி தொடங்கியது. இன்றும் மேரிலாந்து மாநிலத்தில் நடக்கிறது. சங்கமே டிக்கெட்டுக்குப் பயிற்சி கொடுப்பது கெட்டிக்கார வேலை. 1921இல் வாங்கிய அடி வீண்போகவில்லை.

எஞ்சினியர் அதிகாரிதானே? அதிகாரிக்கு எதற்குச் சங்கம் என்கிறார் என் மாமா.

உங்கள் மாமா தனி ஆள் இல்லை, அமெரிக்க நாடாளுமன்றமே 1947இல் அப்படித்தான் யோசித்தது. டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மேற்பார்வையாளர்களைத் தொழிலாளர் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளியது. சங்கத்தில் சேரத் தடை இல்லை. ஆனால் அவர்கள் சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது.

நம் நாட்டிலும் இதன் உறவுக்காரச் சட்டம் உண்டு. 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, மற்றத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கம், நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்காக முதலாளியிடம் அங்கீகாரம் கேட்க முடியாது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துரை ஒரு பக்கம், கணக்கெழுதும் கிராணி ஒரு பக்கம், ஆட்களை வேலை வாங்கும் தண்டல் நடுவில். பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாலே போதும்.

கப்பல் எஞ்சினியர் நிலை தண்டலைப் போன்றது. கீழே இருப்பவனுக்கு அவர் முதலாளி ஆள், மேலே இருப்பவருக்கு அவர் எண்ணெய்க் கறை படிந்த ஆள்.

கரி அள்ளிப் போட்டவர்கள் இந்தச் சங்கங்களில் இருந்தார்களா?

இல்லை. எனக்குக் கொஞ்சம் கசப்பான பகுதி இது. பிரிட்டிஷ் கப்பல்களில் பாய்லர் அறையில் கரி அள்ளியவர்களில் நிறையப் பேர் இந்தியர்கள். லஸ்கர் என்று அழைத்தார்கள். பஞ்சாப், சில்ஹெட் பக்கத்து ஆட்கள் அதிகம். 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய 50,000 லஸ்கர்கள். அவர்களுக்குத் தனி ஒப்பந்தம், வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, படுக்க அதைவிடச் சிறிய இடம். ஒரே நெருப்புக்கு முன் நின்றாலும் எஞ்சினியருக்கு டிக்கெட் உண்டு, சங்கம் உண்டு. லஸ்கருக்கு ஆள்கட்டும் சேராங்குதான் உண்டு. நம் தோட்டத்துக் கங்காணி கடலுக்குப் போனால் எப்படி இருப்பார்? அவர்தான் சேராங்கு.

1939இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கப்பலேற மறுத்தார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள், ஆனாலும் சம்பளம் உயர்ந்தது. ஒரு காகிதமும் கையில் இல்லாமலே அவர்கள் வென்றார்கள் என்பதை எஞ்சினியர் சங்கத்துக்காரர்கள் நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்தியாவிலும் மலேசியாவிலும்?

இந்தியக் கப்பல் அதிகாரிகளுக்கான மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியாவும் அதே 1939இல் தோன்றியதுதான். எஞ்சினியரும் மேல்தள அதிகாரியும் அதில் ஒன்றாகவே இருக்கிறார்கள். பயிற்சிக் கப்பல் டஃப்ரினில் எஞ்சின் பிரிவைத் தொடங்கியதே 1935இல்தான். அதற்கு முன் இந்தியப் பையன் கப்பல் எஞ்சினியராவது குதிரைக் கொம்பு.

மலேசியாவின் கதையே வேறு. இங்கே சங்கம் என்றால் முதலில் தோட்டம்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துவது. சுட்டுக் கொன்று அடக்கினார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். 1949இல் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பி.பி. நாராயணன் தலைமையில் வந்தது. அவர் பின்னாளில் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்புக்கே தலைவரானார். அதனால்தான் கப்பலில் முதன்முதலாக யூனியன் படிவத்தை நீட்டியபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அம்மாவின் சம்பளச் சீட்டில் சந்தா பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மலேசியச் சட்டம் நெடுங்காலம் ஒரே தொழில், ஒரே துறை ஆட்கள்தான் ஒரு சங்கமாகச் சேரலாம் என்று வைத்திருந்தது. 2024 செப்டம்பர் 15 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சங்கத்தால் உங்களுக்கு நேரடியாக ஏதாவது பயன் கிடைத்ததா?

ஒரே ஒருமுறை, ஆனால் அது போதும். கப்பல் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். முதலாளி ஒரு நாட்டுக்காரர், கொடி பனாமா, ஆட்கள் ஐந்து நாட்டவர். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் நங்கூரம். சமையல்காரர் கோழியை நிறுத்தி, சார்டினை நிறுத்தி, கடைசியில் சோறும் வெங்காயமும் என்று இறங்கிவிட்டார். டீசல் மிச்சப்படுத்த இரவில் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார்கள். ஏ.சி. இல்லாத இரும்புப் பெட்டிக்குள் எப்படித் தூங்குவது? பாயை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனோம். தாத்தா ரஜுலாவில் படுத்துவந்த மாதிரி.

கரைக்குப் போன மூன்றாம் எஞ்சினியர் ஐ.டி.எஃப். அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஐ.டி.எஃப். என்பது 1896இல் லண்டனில் தொடங்கிய அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு. வரிக்காகவும் சட்டத்துக்காகவும் வேறு நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடும் கப்பல்களுக்கு எதிராக 1948 முதல் இயக்கம் நடத்துகிறது. மறுநாள் கப்பல் துறைக்குள் கட்டியதும், அவர்களுடைய இன்ஸ்பெக்டர் ஒருவர் நெகிழிக் கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. சம்பளக் கணக்கைக் கேட்டார், நகல் எடுத்துக்கொண்டார், துறைமுக அதிகாரியிடம் போனார். பணம் வரும்வரை கப்பல் நகரவில்லை. நான்காம் நாள் வந்தது.

இன்று நிலைமை கொஞ்சம் தேவலை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கடல்தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தப்படி, கப்பலோடு ஆட்களைக் கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை ஈடுசெய்யும் காப்புறுதி இருக்க வேண்டும். அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஏறியதும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஓய்வு நேரம் கிடைக்குமா?

விதிப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி. கப்பலில் அதற்கொரு பதிவேடு உண்டு. இரவு இரண்டு மணிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பான் நின்றுபோய், கையெல்லாம் கறுப்பாக விடியும்வரை கழற்றி மாட்டிவிட்டு வந்து, அதே கையால் பதிவேட்டில் 'ஓய்வு' என்று எழுதியவன் நான். எல்லாரும் எழுதுவார்கள். சங்கங்கள் இன்னும் வெல்லாத சண்டை இது. கப்பலில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் வெல்லவும் முடியாது.

அமெரிக்காவில் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களை அதிபர் ரீகன் நீக்கினாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. பாட்கோ என்ற அந்தச் சங்கம் எம்.இ.பி.ஏ.வோடு இணைந்திருந்தது. கப்பலுக்கும் விமானத்துக்கும் என்ன என்று கேட்கலாம். இரண்டிலும் உரிமம் வைத்திருப்பவன் இல்லாமல் எதுவும் நகராது. அந்தத் துணிச்சலில்தான் 1981 ஆகஸ்ட் 3 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ரீகன் 48 மணி நேரம் கொடுத்தார். வராத 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார். இவ்வளவுக்கும் முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம் அது.

என் மகன் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்துவிட்டான். சேரலாமா?

மலாக்கா மஸ்ஜித் தானாவில் உள்ள மலேசியக் கடல் அகாடமியில் விசாரியுங்கள். கணிதமும் பௌதிகமும் நன்றாக வர வேண்டும், கண் பரிசோதனையில் நிற வேறுபாடு தெரிய வேண்டும். ஏஜெண்ட் யாராவது இடம் வாங்கித்தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கப்பலில் வேலை தேடித்தரத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதை அந்தக் கடல்தொழிலாளர் ஒப்பந்தமே தடுக்கிறது. வேலை ஒப்பந்தம் கையில் வந்ததும் கம்பெனியோடு சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தம் எந்தச் சங்கத்துடையது என்று முதல் பக்கத்தில் பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். சாயங்காலத்தில் பெரும்பாலும் இருப்பேன்.